மைக்கைச் சொல்லுங்கள், இன்டர்ஃபேஸைச் சொல்கிறேன்

லேப்டாப்பில் பாட்டையோ பேச்சையோ கிட்டாரையோ பதிவு செய்ய விலை குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் சிறிய பெட்டி) ஒன்று வேண்டும், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது இதைத்தான்: உங்களிடம் இருக்கும் மைக் எது, அல்லது எந்த மைக் வாங்கப் போகிறீர்கள்? கேட்டவர் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும். அவர் எதிர்பார்த்தது ஒரு மாடலின் பெயர். ஆனால் மைக் தெரியாமல் அந்தப் பெயரைச் சொன்னால் அது குருட்டாம்போக்கில் சொன்னதாகத்தான் இருக்கும்.

ஏனென்றால் இந்த விலை வட்டத்தில் ஒலித்தரம் இன்றைக்கு ஏறக்குறைய சமமாகிவிட்டது. இதற்கு இயற்பியலே ஒரு காரணம். 150 ஓம் மின்தடை ஒன்று அறை வெப்பநிலையில் சும்மா இருந்தாலே உண்டாக்கும் இரைச்சல் சுமார் மைனஸ் 131 டிபியு (சமிக்ஞையின் மின்னழுத்தத்தைச் சொல்லும் டெசிபல் அலகு; எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு). சாதாரண மைக் ஒன்றின் மின்தடை ஏறத்தாழ அந்த அளவுதான். எவ்வளவு விலையுயர்ந்த பிரீஆம்பும் (மைக்கின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பகுதி) அதற்குக் கீழே இறங்க முடியாது. மோட்டு எம்2 தன் பிரீஆம்புக்கு அறிவிக்கும் அளவு மைனஸ் 129. ஃபோகஸ்ரைட், ஆடியன்ட் நிறுவனங்களின் சிறிய பெட்டிகள் மைனஸ் 127, 128 என்கின்றன. ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசத்தைச் சாதாரண அறையில் யாரும் கேட்கப் போவதில்லை. சீலிங் ஃபேனும் லேப்டாப்பின் உள்விசிறியும் அதைவிடப் பல மடங்கு சத்தம் போடும்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? என் கணக்கில் மூன்று. உங்கள் மைக்குக்குப் போதுமான கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு), உங்கள் கணினிக்கு ஒழுங்கான டிரைவர் (பெட்டியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்), நீங்கள் வேலை செய்யும் விதத்துக்குப் பொருந்தும் குமிழ்களும் துளைகளும். மூன்றிலும் முதலாவதில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

கெயின் என்னும் தொல்லை

வெளி மின்சாரம் இல்லாமலே இயங்கும் டைனமிக் மைக், மின்சாரம் தேவைப்படும் கன்டென்சர் மைக் இரண்டும் ஒரே சத்தத்துக்குத் தரும் மின்னழுத்தம் ஒன்றல்ல. பாட்காஸ்ட் செய்பவர்கள் ஆசைப்படும் ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக், ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட்தான் தருகிறது. மேடைகளில் எங்கும் காணப்படும் எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட். ஆடியோ டெக்னிக்காவின் ஏடி2020 என்ற எளிய கன்டென்சர் மைக் தருவது 14 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். அதாவது எஸ்எம்7பியைப் போல 12 மடங்குக்கும் அதிகம். டெசிபலில் சொன்னால் 22.

இந்த 22 டெசிபலை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். இன்டர்ஃபேஸிலிருந்து வரவில்லை என்றால் பதிவு மெலிந்து கிடக்கும். பிறகு மென்பொருளில் உயர்த்தினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்து எழும். எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்பது ஷூர் நிறுவனமே சொல்லும் கணக்கு.

இனி சந்தையைப் பாருங்கள். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை, 2019இல் வந்தது: 56 டெசிபல். 2023இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2: 69. அதே தலைமுறையின் தம்பியான ஸ்கார்லெட் சோலோவுக்கோ 57தான். ஒரே குடும்பம், ஒரே சிவப்புப் பெட்டி, ஆனால் எஸ்எம்7பிக்கு ஒன்று போதும், மற்றது திணறும். மோட்டு எம்2 60, எஸ்எஸ்எல் 2 முதல் பதிப்பு 62, ஆடியன்ட் ஈவோ 4 58, யுனிவர்சல் ஆடியோ வோல்ட் 2 55.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியின் மேல் போடும் கெயின் எண் என்பது குமிழின் வீச்சு மட்டுமே. குமிழ் எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறை 2ஐ2 குறைந்தபட்ச கெயினில் 9 டிபியு வரை தாங்கும். நான்காம் தலைமுறை 16 டிபியு வரை தாங்கும். முழுக் கெயினில் எவ்வளவு மெல்லிய சமிக்ஞை மீட்டரை நிரப்பும் என்று பார்த்தால், முதலாவதற்கு 9இலிருந்து 56ஐக் கழித்து மைனஸ் 47. இரண்டாவதற்கு 16இலிருந்து 69ஐக் கழித்து மைனஸ் 53. காகிதத்தில் 13 டெசிபல் முன்னேற்றம், மெலிந்த மைக்கைப் பொறுத்தவரை உண்மையில் 6. அதுவும் நல்ல முன்னேற்றம்தான், இரட்டிப்பு மின்னழுத்தம். ஆனால் விளம்பரத்தில் வரும் எண்ணை நேருக்கு நேர் ஒப்பிட்டால் ஏமாறுவோம். தயாரிப்பாளரின் கையேட்டில் அதிகபட்ச உள்ளீட்டு அளவு என்று ஒரு வரி இருக்கும். அதையும் கெயினையும் சேர்த்துக் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்கனவே வாங்கிய பெட்டியில் கெயின் போதவில்லை என்றால் உடனே அதை விற்க வேண்டாம். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் செருகும் சிறிய கருவிகள் உண்டு; கிளவுட்லிஃப்டர் சுமார் 25 டெசிபல் கூட்டும், ஃபெட்ஹெட் சுமார் 27. இரண்டும் பேண்டம் பவரில், அதாவது இன்டர்ஃபேஸ் மைக் கம்பி வழியாகவே தரும் 48 வோல்ட் மின்சாரத்தில், இயங்கும். ஆனால் புதிதாக வாங்குபவர் விலை குறைந்த இன்டர்ஃபேஸும் இதுவும் சேர்த்து வாங்கினால், கூட்டிப் பார்க்கும்போது கெயின் நிறைந்த இன்டர்ஃபேஸின் விலையை எட்டிவிடும். ஆனை வாங்கிய பிறகு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல ஆகிவிடும். முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள்.

கன்டென்சர் மைக் வைத்திருப்பவர் இந்தப் பகுதியையே மறந்துவிடலாம். அவருக்கு 40 டெசிபலுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். மேலே சொன்ன எந்தப் பெட்டியும் போதும். பேண்டம் பவர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் சரி.

டிரைவரில் சேமிக்காதீர்கள்

பாடிக்கொண்டே காதில் கேட்கும்போது குரல் தாமதமாக வந்தால் பாட முடியாது. இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்பது எளிய கணக்கு. கணினி ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கையாள்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) 128 மாதிரிகள் கொண்ட துண்டு என்றால் 2.7 மில்லிவினாடி. உள்ளே வர ஒரு துண்டு, வெளியே போக ஒரு துண்டு, ஆக 5.3. அதன்மேல் மாற்றிகளும் யூஎஸ்பியும் டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரம். மொத்தம் 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் உணர மாட்டார்கள். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகிறது. எனவே 10 என்பது மூன்று மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பதற்குச் சமம்.

128இல் தடங்கலின்றி ஓடுவதும், 512க்கு ஏற்றினால்தான் வெடிப்புச் சத்தம் நிற்பதும் டிரைவரின் திறமையைப் பொறுத்தது. பெட்டியின் விலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இங்கேதான் கை வைக்கிறார்கள். மேக் கணினியில் இந்தக் கவலை குறைவு. கோர் ஆடியோ அமைப்பே பெரும்பாலான பெட்டிகளைத் தனி டிரைவர் இல்லாமல் நன்றாக ஓட்டும். லினக்ஸிலும் பொதுத் தரத்துக்கு இணங்கிய பெட்டிகள் ஓடும். விண்டோஸில்தான் தயாரிப்பாளரின் சொந்த ஆசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் வகை) தேவை. பெரிங்கர் யூஎம்சி22இல் அது கிடையாது. ஆசியோ4ஆல் என்ற பொது மென்பொருளை நம்ப வேண்டும். அந்தப் பெட்டி 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, மைக் பிரீஆம்பும் ஒன்றுதான். அதே நிறுவனத்தின் யூஎம்சி202ஹெச்டியில் இரண்டு மைடாஸ் பிரீஆம்ப், 24 பிட், சொந்த ஆசியோ டிரைவர் எல்லாம் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்தால் யூஎம்சி22ஐ யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. எம்-ஆடியோ எம்-டிராக் சோலோவும் 16 பிட் வகைதான்.

24 பிட் எதற்கு? 16 பிட்டின் கோட்பாட்டு வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபல். முடிந்த பாட்டைக் கேட்க அது தாராளம். பதிவு செய்யும்போதுதான் இடம் வேண்டியிருக்கிறது: திடீரென்று உச்ச ஸ்தாயிக்குப் போனால் ஒலி உடையாதபடி (அளவு மீறிச் சிதையாதபடி) மீட்டரில் 15, 20 டெசிபல் இடம் விட்டுப் பதிவு செய்வது வழக்கம். 24 பிட்டில் அப்படி இடம் விட்டாலும் கீழே எதுவும் குறையாது. 192 கிலோஹெர்ட்ஸ் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 48 கிலோஹெர்ட்ஸே 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். மனிதக் காது 20உடன் நின்றுவிடுகிறது. ஈவோ 4 வெறும் 96 வரைதான் போகும் என்பதற்காக அதை ஒதுக்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இன்னொரு விஷயம், புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கு: ஆர்ம் வகைச் செயலி கொண்ட விண்டோஸ் லேப்டாப் என்றால் ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். சாதாரண மென்பொருளை அந்தக் கணினி மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவரை அப்படி ஓட்டாது. பெட்டியை வாங்குமுன் தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவர் பக்கத்தைத் திறந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் இருந்தால் தாமதப் பிரச்சினையில் பாதி தானே தீர்ந்துவிடும், ஏனென்றால் உங்கள் குரல் கணினிக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வந்துவிடுகிறது. குறை என்னவென்றால் வறண்ட குரல்தான் கேட்கும். எதிரொலி கலந்து கேட்டால்தான் பாட வரும் என்பவர்கள் ஸ்டைன்பெர்க் யூஆர்22சியைப் பார்க்கலாம். அதன் உள்ளேயே ஒரு செயலி இருந்து ரிவெர்பைப் போட்டு ஹெட்போனுக்கு அனுப்பும். பதிவில் அது சேர வேண்டியதில்லை. பாடகர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பட்டியலிடும் கட்டுரைகள் ஏனோ சொல்வதில்லை.

எத்தனை துளை?

தனியாகப் பேசுபவருக்கு ஒரு மைக் உள்ளீடு போதும். ஆடியன்ட் ஐடி4 இரண்டாம் பதிப்பு, ஸ்கார்லெட் சோலோ, ஆர்ட்டூரியா மினிஃபியூஸ் 1 எல்லாம் அந்த வகை. இவற்றில் இரண்டாவது துளை இருந்தாலும் அது கிட்டாருக்கோ, கீபோர்டு போன்றவற்றின் லைன் சமிக்ஞைக்கோதான், இன்னொரு மைக்குக்கு ஆகாது. கிட்டாரை மைக் வைத்துப் பதிவு செய்துகொண்டே பாட வேண்டும், அல்லது எதிரே ஒருவரை உட்கார வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்றால் இரண்டு மைக் பிரீஆம்ப் கட்டாயம். இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாலும் ஒரு வருடத்தில் வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம். ஆகவே பட்ஜெட் இழுக்காத வரை இரண்டு பிரீஆம்ப் உள்ளதையே வாங்கச் சொல்வேன். நான்கு, எட்டு என்று போவதற்கு முன் மட்டும் யோசியுங்கள். டிரம்ஸ் வைத்திருப்பவர் தவிர மற்றவர்கள் வீட்டில் அந்தத் துளைகள் தூசிதான் படிந்து கிடக்கும்.

கிட்டாரை நேராகச் செருக வேண்டும் என்றால் அந்தத் துளைக்குச் சுமார் ஒரு மெகாஓம் மின்மறுப்புள்ள கருவி உள்ளீடு இருக்க வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மங்கி, மேல்தட்டு அதிர்வெண்கள் காணாமல் போகும். இங்கே பெயர் சொன்ன இன்டர்ஃபேஸ்களில் கருவி உள்ளீடு இருக்கிறது. அதற்கான பொத்தானை அழுத்த மறப்பதுதான் வழக்கமான கோளாறு.

எளிமை வேண்டுபவர்களுக்கு இப்போது நல்ல காலம். ஈவோ 4இல் ஒரே பெரிய குமிழ், ஸ்மார்ட்கெயின் என்ற வசதி. பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பாடினால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். நான்காம் தலைமுறை 2ஐ2இலும் தானியங்கி கெயின் உண்டு, உடையப் போகிறது என்று தெரிந்தால் கெயினைத் தானே இறக்கும் வசதியும் உண்டு. சோலோவில் இவை இரண்டும் இல்லை. இதற்கு எதிர்த்திசையில் மோட்டு எம்2: தானியங்கி எதுவும் இல்லை, ஆனால் முகப்பில் வண்ணத் திரையில் உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் மீட்டர் ஓடுகிறது. அணைக்கும் சுவிட்சும், ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியாக 48 வோல்ட்டும், கீபோர்டு போன்ற கருவிகளை இணைக்கும் மிடி துளைகளும் உண்டு. ஒரே ஒரு பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தப்பு என்று ஊகித்துக்கொண்டே பதிவு செய்வதைவிட அளவைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவோ மேல். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் கை எம்2 பக்கம்தான் போகும்.

வோல்ட் 2இல் பழைய 610 வால்வு பிரீஆம்பைப் போலச் சூடேற்றும் விண்டேஜ் பொத்தானும், எஸ்எஸ்எல் 2இல் மேல்தட்டைத் தூக்கிவிடும் 4கே பொத்தானும் உண்டு. அழகான விஷயங்கள்தான். ஆனால் அழுத்திப் பதிவு செய்தால் அது பதிவோடு போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. முதல் பெட்டி வாங்குபவர் இந்தப் பொத்தானுக்காக வாங்க வேண்டாம்.

மெல்லப் பேசி, திடீரென்று கத்தும் நாடகக் குரல்களைப் பதிவு செய்பவருக்கு ஜூம் யூஏசி-232 என்று ஒன்று இருக்கிறது. அதில் கெயின் குமிழே கிடையாது. மிகப் பெரிய வீச்சுள்ள 32 பிட் ஃப்ளோட் வடிவில் பதிவாவதால் உடைந்தது போலத் தெரியும் பகுதியையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். பதிவு மென்பொருளும் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸே வேண்டாம் என்றால்

ஒரே குரல், வேறெதுவும் இல்லை, இனியும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் யூஎஸ்பி மைக் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் சிக்கல் இரண்டாவது மைக் வரும்போது ஆரம்பிக்கும். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்கும் தனிக் கடிகாரம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் நேரம் போகப் போக விலகும். விண்டோஸில் ஆசியோ ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் ஏற்கும். நடுவழி ஒன்று உண்டு: சாம்சன் கியூ2யூ போன்ற மைக்குகளில் யூஎஸ்பியும், இன்டர்ஃபேஸில் செருகும் மூன்று முள் இணைப்பான எக்ஸ்எல்ஆரும் இரண்டுமே இருக்கும். இன்று நேராக லேப்டாப்பில், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கிய பின் எக்ஸ்எல்ஆரில். பணம் இறுக்கமாக இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

யூஎஸ்பி உள்ள சிறிய மிக்சர்கள் பார்க்க ஆசையாக இருக்கும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்றவற்றில் எத்தனை மைக் செருகினாலும் கணினிக்குப் போவது இரண்டு தடங்கள் மட்டுமே, எல்லாம் கலந்து. பாட்டில் கிட்டார் அதிகமாகிவிட்டது என்று மறுநாள் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நேரலைக்கு மிக்சர் சரி. பின்னர் திருத்த வேண்டிய பதிவுக்கு இன்டர்ஃபேஸ். நான்கு பேர் உட்கார்ந்து பேசும் பாட்காஸ்ட் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஜூம் பாட்டிராக் பி4 போன்ற தனிக் கருவியைப் பாருங்கள்: நான்கு மைக், நான்கு ஹெட்போன், 70 டெசிபல் கெயின், ஒவ்வொரு குரலும் மெமரி கார்டில் தனித் தடமாக.

லேப்டாப்பில் ஓடும் ஒலியையும் குரலோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டியவர்கள், நேரலை செய்பவர்கள், இணையவழிப் பேட்டி எடுப்பவர்கள், லூப்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். எம்2, ஈவோ 4, ஐடி4 இரண்டாம் பதிப்பு, மினிஃபியூஸ் 2, யூஆர்22சி, நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் எல்லாவற்றிலும் உண்டு. மூன்றாம் தலைமுறை சோலோவிலும் 2ஐ2இலும் கிடையாது. பழையதை வாங்குபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழையது வாங்கலாமா

தாராளமாக. தேய்ந்துபோகும் பாகங்கள் இவற்றில் குறைவு. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, எக்ஸ்எல்ஆர் துளையில் தளர்வு, யூஎஸ்பி துளையை லேசாக அசைத்தால் தொடர்பு அறுவது, ஹெட்போனில் ஒரு காது மட்டும் கேட்பது, இவற்றைப் பார்த்தால் போதும். பேண்டம் பவரைச் சோதிக்க ஒரு கன்டென்சர் மைக்கைக் கையோடு கொண்டுபோங்கள். ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வகைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். அந்தத் துளை லேப்டாப்களிலிருந்து மறைந்து பல வருடங்கள் ஆகின்றன. யூஎஸ்பி 2.0 பெட்டி பழையதாயிற்றே என்று தயங்க வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு தடங்களுக்குத் தேவை நொடிக்கு 2.3 மெகாபிட், யூஎஸ்பி 2.0இன் பாதை 480 மெகாபிட். சி வகைத் துளை வடிவ வசதிதான், ஒலிக்கு அதனால் ஒன்றும் கூடாது.

வாங்கி வந்த பிறகு லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். மின்சாரம் தராத யூஎஸ்பி ஹப் வழியாகப் போனால், சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லிஆம்பியரைப் பல கருவிகள் பங்குபோட்டு, பேண்டம் பவரைப் போட்ட கணத்தில் பெட்டி தொடர்பை விடும். பதிவில் மெல்லிய ரீங்காரம் கேட்டால் இன்டர்ஃபேஸைத் திருப்பிக் கொடுக்க ஓடுமுன், லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் குற்றம் சார்ஜர் பக்கம். பதிவு முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது மின் இணைப்பில் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.